தேசத்தின் பெயரும் காப்டன் பதவியும்

ஒரு தேசத்தின் பெயரைத் தாங்கிக் கடல் கடந்து செல்லும் பதினொரு பேரை வெறும் விளையாட்டுக்காரர் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அன்னிய மண்ணில் அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கண்டே அத்தேசத்தின் யோக்கியதையைப் பிறர் மதிப்பிடுகின்றனர். ஆகவே, தேச காரியங்களைப் பேச வேண்டிய இவ்விடத்தில் பந்துக்கும் மட்டைக்கும் என்ன வேலை என்று கேட்கும் நேயர்களுக்கு நமது விடை இதுவே: தேசத்தின் பெயரால் வகிக்கப்படும் பதவி எவருக்கு உரியது? அதை வகிப்போர் எவருக்குப் பொறுப்பாளிகள்? இவ்விரண்டு கேள்விகளுமே நமது விஷயம். இவற்றை ஆராய்வதற்கு 1936-ம் வருஷத்தில் இந்தியக் கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்துக்குப் போய் வந்த விருத்தாந்தத்தைக் காட்டிலும் தக்க உதாரணம் நமக்குத் தோன்றவில்லை. அது நடந்து சுமார் 90 வருஷங்களாகியும் அதன் படிப்பினை பழசாகிவிடவில்லை.

அந்த யாத்திரையின் நோயை அறிய, அதற்கு முன் நடந்தவற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் அவசியம். அகில இந்தியக் கோஷ்டி என்ற பெயருடன் முதன் முதலாக நம்மவர் இங்கிலாந்து சென்றது 1911-ம் வருஷத்தில். இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் கலந்திருந்த அக்கோஷ்டிக்கு பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் காப்டன். அவ்வருஷம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவும் லண்டனில் நடந்தது. மகாராஜாவின் பொழுது பெரும்பாலும் விருந்துகளிலும் வைபவங்களிலும் கழிந்தது. அவர் மைதானத்தில் இறங்கி ஆடிய நாட்கள் மிகச் சில. வெயிலிலும் குளிரிலும் ஓய்வின்றிப் பந்து வீசி, அந்த யாத்திரையில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்துத் தேசத்தின் மானத்தைக் காத்தவர் பல்வங்கர் பாலு. தீண்டத்தகாதாரென்று ஒதுக்கப்பட்ட வகுப்பிற் பிறந்தவர் அவர். பம்பாயில் நடந்த வகுப்புவாரிப் பந்தயங்களில் இந்துக் கோஷ்டிக்கு அவர் பல்லாண்டு உழைத்தும், அதன் காப்டன் பதவி கடைசி வரையில் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923-ம் வருஷத்தில் அப்பதவியைப் பெறுவதற்கே பெருங் கிளர்ச்சி வேண்டியிருந்தது. உழைப்பு ஒருவருடையது, கௌரவம் வேறொருவருடையது என்ற ஏற்பாடு முதல் யாத்திரையிலேயே வேரூன்றிவிட்டது.

இரண்டாவது யாத்திரை 1932-ம் வருஷத்தில். காந்தியடிகளும் ஆயிரக்கணக்கான தேசத்தொண்டர்களும் சிறையிலிருந்த காலம் அது. அந்நிலையில் ஆளுவோர் நாட்டுக்கு விருந்தாளிகளாகச் சென்று விளையாடத் தமக்கு மனமில்லை என்று பம்பாயின் விஜய் மெர்ச்சண்ட், எல்.பி. ஜெய் போன்றவர்கள் விலகி நின்றார்கள். வாலிபப் பருவத்தில், புகழ் வாசலில் வந்து நிற்கும் சமயத்தில், அதை வேண்டாமென்று சொல்வது எளிய தியாகமன்று. சென்ற கோஷ்டிக்குப் போர்பந்தர் மகாராஜா காப்டன். அவருடைய உறவினரான லிம்ப்டி ராஜகுமாரர் உதவிக் காப்டன். ஆனால் போர்பந்தராரைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லாமலிருப்பது நியாயமாகாது. தமது ஆட்டத் திறமை இவ்வளவுதான் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1932 ஜூன் 25-ம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தில் இறங்கியபோது, அவர் தாமே ஒதுங்கி நின்று ஸ்ரீ சி.கே. நாயுடுவுக்குத் தலைமையை விட்டுக் கொடுத்தார். நாயுடுவின் கீழ் ஆட விருப்பமில்லை என்று ஆட்டக்காரர் சிலர் முறையிட்டனர் என்றும், மகாராஜா அதற்கு இணங்க மறுத்துவிட்டாரென்றும் சொல்லப்படுவதுண்டு. அன்று காலையில் 19 ரன்களுக்குள் இங்கிலாந்தின் மூன்று விக்கெட்டுகள் விழுந்தன. முடிவில் 158 ரன்களில் நாம் தோற்றோம். எனினும் அது தலை குனியத்தக்க தோல்வியன்று. தகுதியுள்ளவன் தலைமை வகிக்க, ஏனையோர் தம்மாலியன்றதைச் செய்து தோற்ற தோல்வி அது.

இத்தகைய முன்னுதாரணம் இருந்தும் 1936-ம் வருஷத்தில் நேர்ந்தது என்ன? பட்டோடி நவாப் தேக அசௌகரியத்தை முன்னிட்டு விலகிக் கொண்டதும், காப்டன் பதவிக்கு நியாயமாக நிற்கக்கூடியவர் நாயுடு ஒருவரே. 1926-ம் வருஷத்தில் பம்பாயில் ஆங்கிலக் கோஷ்டிக்கு எதிராக 153 ரன் குவித்து, பதினொரு முறை பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிட்டவர் அவர். அதற்குமுன் இந்தியா ஆடியிருந்த நான்கு டெஸ்ட் பந்தயங்களிலும் அவரே தலைவர். ஆனால் கிரிக்கெட் போர்டின் அங்கத்தினர் தேர்ந்தெடுத்தது விஜயநகரம் மகாராஜகுமாரரை. அவர் அதற்கு முன் ஒரு டெஸ்ட் பந்தயமும் ஆடியவரல்லர். செல்வம் அவரிடமிருந்தது, பெரிய உத்தியோகஸ்தர்களின் சிநேகம் இருந்தது, கோஷ்டிகளைத் தம் செலவில் திரட்டி நடத்திய பழக்கமிருந்தது. மூன்று டெஸ்ட்களிலும் சேர்த்து அவர் எடுத்த ரன்கள் 33. யாத்திரையின் நடுவே அவருக்கு 'ஸர்' பட்டம் கிடைத்தது. கோஷ்டிக்குக் கிடைத்ததெல்லாம் பிளவும் மனக்கசப்புமே.

ஸ்ரீ லாலா அமர்நாத்தின் கதை அனைவரும் அறிந்ததேயாயினும், அதை இங்கே சொல்லாமல் இருப்பதற்கில்லை. 1933 டிசம்பரில் தமது முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே 118 ரன் எடுத்து, டெஸ்டில் சதமடித்த முதல் இந்தியரென்ற பெயர் பெற்றவர் அவர். 1936 யாத்திரையின் ஆரம்ப வாரங்களில் 600 ரன்களுக்கு மேலும் 30 விக்கெட்டுகளுக்கு மேலும் சேர்த்திருந்தார். லார்ட்ஸ் மைதானத்தில் மைனர் கவுண்டிகளுடன் நடந்த ஆட்டத்தில், காலுறை கட்டித் தயாராயிருந்த அவரை உட்கார வைத்துவிட்டுக் காப்டன் மற்றவர்களை முன்னே முன்னே அனுப்பினார். முதுகு வலியுடனிருந்த அமர்நாத்துக்கு, அன்றைய ஆட்டம் முடியும் தறுவாயில்தான் மட்டை பிடிக்க முறை வந்தது. திரும்பி வந்தவர் கோபத்தில் தமது சாமான்களை வீசியெறிந்து, பஞ்சாபி பாஷையில் ஏதோ சொல்லிவிட்டார். குற்றம் இவ்வளவுதான். முதல் டெஸ்டுக்குச் சில தினங்களே இருக்கையில், காப்டனும், மானேஜரான மேஜர் பிரிட்டன்-ஜோன்ஸும் சேர்ந்து அவரைக் கப்பலேற்றித் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பிவிட்டனர்.

இதன் பலன் உடனே தெரிந்தது. லார்ட்ஸ் டெஸ்டில் அமர் சிங் 35 ரன்களுக்கு ஆறு விக்கெட்டுகள் வீழ்த்தினார். இங்கிலாந்து 134 ரன்களுக்குள் சுருண்டது. முதல் இன்னிங்ஸில் இந்தியாவே 13 ரன் முன்னணியில் நின்றது. ஆளுவோரை அவர்களுடைய பிரதான மைதானத்திலேயே மடக்கக்கூடிய தருணம் அது. இரண்டாவது இன்னிங்ஸில் நம்மவர் 93 ரன்களுக்குள் வீழ்ந்து, ஒன்பது விக்கெட்டுகளில் தோற்றார்கள். அமர்நாத் அங்கிருந்திருந்தால் வெற்றி நிச்சயமென்று நாம் ஜோசியம் சொல்ல வரவில்லை. அத்தகைய நாளில் கோஷ்டியின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர் நடுக்கடலில் கப்பலில் இருந்தார் என்பதை மாத்திரம் நினைவூட்டுகிறோம்.

இரண்டாவது டெஸ்ட் மான்செஸ்டரில் நடந்தது. அதன் இரண்டாம் நாளில் இரு தரப்பிலுமாக 588 ரன்கள் எடுக்கப்பட்டன. அன்று மாலை நமது ஆரம்ப ஜோடியான விஜய் மெர்ச்சண்டும் ஜனாப் முஷ்டாக் அலியும் விக்கெட் இழவாமல் 190 ரன் சேர்த்திருந்தார்கள். மறுநாள் அது 203 வரை வளர்ந்தது. முஷ்டாக் அலி 112, மெர்ச்சண்ட் 114. ஒரு இந்துவும் ஒரு முஸ்லிமும் தோளோடு தோள் நின்று, அன்னிய மண்ணில் தேசத்தைத் தோல்வியினின்று மீட்ட காட்சியை எண்ணிப் பாருங்கள். இந்த ஜோடி ஆடப் புறப்படுமுன், மெர்ச்சண்டை ரன் அவுட் ஆக்கிவிட்டால் தங்கக் கடியாரம் தருவதாகக் காப்டன் தரப்பிலிருந்து முஷ்டாக் அலிக்கு ஆசை காட்டப்பட்டதென்றும், அவர் அதை மெர்ச்சண்டிடமே சொல்லிச் சிரித்துவிட்டாரென்றும் ஒரு வரலாறு வெகுகாலமாக வழங்கி வருகிறது. அதன் உண்மையை நாம் சாட்சி விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆயினும் அத்தகைய கதை நம்பப்படும்படியான நிலைமையில் ஒரு தேசத்தின் கோஷ்டி இருந்ததென்பதே போதிய அவமானமல்லவா?

நமது சென்னையிலிருந்து சென்ற இருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தையென்று போற்றப்படும் புச்சிபாபு நாயுடுவின் குமாரரான ஸ்ரீ சி. ராமசுவாமி, தமது 40-ம் வயதில், அதே மான்செஸ்டர் பந்தயத்தில் முதன் முறையாக டெஸ்டில் இறங்கி 40 ரன்னும் 60 ரன்னும் எடுத்தார். மற்றவர் ஸ்ரீ எம்.ஜே. கோபாலன். ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் ஒருங்கே தேர்ந்தவர். அவ்வருஷம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போவதா, இங்கிலாந்துக் கிரிக்கெட்டுக்குப் போவதா என்ற கேள்வி எழுந்தபோது, கிரிக்கெட்டைத் தேர்ந்துகொண்டார். மூன்று டெஸ்ட்களில் ஒன்றில் கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1936 ஆகஸ்டு 15-ம் தேதி ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் ஆரம்பமாயிற்று. அதே தினத்தில் பெர்லினில் தியான் சந்தின் தலைமையில் நமது ஹாக்கிக் கோஷ்டி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. தியான் சந்த் ராஜகுமாரரல்லர்; பட்டாளத்துச் சிப்பாய். தகுதி பார்த்துத் தலைமை கொடுத்த கோஷ்டி தங்கம் கொண்டு வந்தது. செல்வம் பார்த்துத் தலைமை கொடுத்த கோஷ்டி ஓவலிலும் ஒன்பது விக்கெட்டுகளில் தோற்றுத் திரும்பியது. இரண்டும் ஒரே தேசத்து மக்கள், ஒரே நாள். இதைவிடத் தெளிவான பாடத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போகிறோம்?

குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்தது என்பார்கள். தோல்விக்கு வழி செய்த தலைமையே, ஆட்டக்காரரைக் குற்றவாளியாக்கி வீட்டுக்கு அனுப்பியது. பின்னர் ஜனங்களின் கோபம் பொங்கவே, பம்பாய் ஹைக்கோர்ட்டுப் பிரதம நீதிபதி ஸர் ஜான் போமண்டின் தலைமையில் விசாரணை நடந்தது. 1937-ம் வருஷத்தில் வெளியான அறிக்கை, மகாராஜகுமாரரின் தலைமையைக் கண்டித்து, அமர்நாத்தின் மீதிருந்த களங்கத்தை நீக்கியது. நியாயம் வழங்கப்பட்டது, வாஸ்தவம். ஆனால் போன பந்தயம் திரும்பி வருமா? யுத்தமும் குறுக்கிடவே, 1934-ம் வருஷத்துக்குப் பின் அமர்நாத் மீண்டும் டெஸ்டில் இறங்கியது 1946-ல்தான். ஒரு ஆட்டக்காரரின் வாழ்வில் பன்னிரண்டு வருஷங்கள் என்றால் என்னவென்பதை விளையாடியவர்கள் அறிவார்கள்.

இனி, எதிர்த்தரப்பார் கூறும் சமாதானங்களைக் கவனிப்போம். ராஜாக்கள் பொருளுதவி செய்திராவிட்டால் அக்காலத்தில் கோஷ்டி கப்பலேறியிருக்கவே முடியாது என்பது முதலாவது. இதில் உண்மையுண்டு. 1911-லும் 1932-லும் பாட்டியாலாவின் பணம் பெரிதும் உதவியது. விஜயநகரத்தாரும் விளையாட்டுக்காகத் தம் பொருளைத் தாராளமாகச் செலவிட்டவரே. அதற்காக நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் நன்றிக்கும் ஒரு முறை உண்டு. கோபுரத் திருப்பணிக்குப் பொருள் கொடுத்தவருக்கு ஊரார் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். பணம் கொடுத்தவர் என்பதற்காக உளியை அவர் கையில் கொடுத்து, ஸ்தபதியை மூலையில் நிறுத்துவார்களா?

வேற்றுமைகள் நிறைந்த நமது நாட்டில் எல்லா வகுப்பாரும் கட்டுப்பட்டு நடக்க, வகுப்புகளுக்கு மேற்பட்ட ஒரு ராஜவம்சத்தாரே தேவை என்பது இரண்டாவது. 1936-ம் வருஷத்து அனுபவமே இதற்குப் பதில். ராஜகுமாரரின் கீழ் கோஷ்டி ஒன்றுபடவில்லை; அவரைச் சார்ந்தவர் ஒரு பக்கமும் நாயுடுவை மதித்தவர் ஒரு பக்கமுமாகப் பிளவுண்டது. தம்மை அண்டியவருக்குச் சலுகையும் மற்றவருக்குப் புறக்கணிப்பும் காட்டும் தலைவன் எந்த வம்சத்தில் பிறந்தாலென்ன? ஒற்றுமை, நியாயமாக நடத்தப்படுகிறோம் என்ற நம்பிக்கையிலிருந்து உண்டாகிறது.

மூன்றாவது, கட்டுப்பாடு என்னும் வாதம். ஆட்டக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் காப்டனிடம் மரியாதையின்றி நடக்கலாமா என்கிறார்கள். நடக்கக் கூடாது என்பதே நமது அபிப்பிராயமும். தேசத் தொண்டில் பழகிய எவரும் கட்டுப்பாட்டின் அருமையை அறிவார். ஆனால் கட்டுப்பாடு என்பது கீழேயுள்ளவனை மாத்திரம் பிணைக்கும் சங்கிலியன்று. குற்றஞ்சாட்டியவரே நீதிபதியாக இருந்து, தாய்நாட்டிலுள்ள பொறுப்பாளிகள் நிதானமாக விசாரிப்பதற்கு முன்னரே தண்டனையை நிறைவேற்றுவதற்குக் கட்டுப்பாடென்று பெயரில்லை. விசாரணையின்றித் தண்டிக்கும் அதிகாரத்தை அன்னிய சர்க்காரிடம் கண்டு வெகுண்ட நாம், அதே அதிகாரத்தை நம்மவர் கையில் கண்டு எப்படி வாளாவிருப்பது?

சரித்திரம் தன் தீர்ப்பை எழுதத் தவறவில்லை. 1947-ம் வருஷத்தில் நாடு சுதந்திரமடைந்தது. அவ்வருஷ முடிவில் சுதந்திர இந்தியாவின் முதல் கோஷ்டி ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. விஜய் மெர்ச்சண்ட் தேக நிலை காரணமாக விலகவே, காப்டனாகச் சென்றவர், பதினொரு வருஷங்களுக்கு முன் அவமதித்துத் திருப்பியனுப்பப்பட்ட அதே லாலா அமர்நாத்! பிரிவினையின் இரத்தக் காயம் ஆறாத காலம். கோஷ்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பஸல் மஹ்மூத் பாகிஸ்தானத்தில் தங்கிவிட்டார். பிராட்மனின் கோஷ்டியிடம் ஐந்து டெஸ்ட்களில் நான்கில் தோற்றோம். எனினும் அடிலெய்டில் விஜய் ஹஸாரே ஒரே பந்தயத்தில் இரண்டு சதங்கள் அடித்ததை ஆஸ்திரேலியர் எழுந்து நின்று போற்றும்படி இருந்தது. தேசத்துக்குரிய கோஷ்டி தேசத்தாரால் நடத்தப்பட்டது என்ற நிறைவு அத்தோல்வியிலும் இருந்தது. 1952-ம் வருஷத்தில் நமது சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது தோற்றவர் இங்கிலாந்துக்காரரே.

1971-ம் வருஷத்து விஷயம் இன்னும் விசேஷமானது. அவ்வருஷம் தேர்வுக் கமிட்டியின் தலைவராயிருந்தவர், மான்செஸ்டரில் சதமடித்த அந்த விஜய் மெர்ச்சண்ட். அவருடைய தீர்மான வோட்டினால் மத்தியதரக் குடும்பத்திற் பிறந்த ஸ்ரீ அஜித் வாடேகர் காப்டனானார்; சென்னை ஸ்ரீ வெங்கடராகவன் உதவிக் காப்டன். 1936-ல் ஆடிய அதே மூன்று மைதானங்களில், லார்ட்ஸிலும் மான்செஸ்டரிலும் சமமாக நின்று, ஓவலில் இங்கிலாந்தை 101 ரன்களுக்குச் சுருட்டி, இந்தியா அந்நாட்டு மண்ணில் முதல் வெற்றியைப் பெற்றது. அதற்குமுன் தலைமை வகித்த பட்டோடி நவாபும் ராஜவம்சத்தாரே. எனினும் அவர் ஆட்டத்தாலும் மதியூகத்தாலும் தலைவரானவர். 1968-ல் நியூஸிலாந்தில் இந்தியாவின் முதல் வெளிநாட்டுத் தொடர் வெற்றியைத் தேடித் தந்தவர். ஆகவே பிறப்பின் மீது நமக்குத் துவேஷமில்லை. அரண்மனையிற் பிறந்தவனாயினும் குடிசையிற் பிறந்தவனாயினும் தகுதியே அளவுகோல் என்பதே நமது கட்சி.

ராஜாக்கள் போய்விட்டார்களே, இந்தப் பழங்கதை இப்போதெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ராஜாக்கள் போனார்கள், ராஜரீகம் போயிற்றா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். சுதந்திரத்துக்குப் பின்னர், 1949-ல், அதே அமர்நாத்தை அதே கிரிக்கெட் போர்டு ஒழுங்கீனக் குற்றஞ்சாட்டித் தள்ளி வைத்தது. 1954-ல் போர்டின் தலைமைப் பதவியில் அமர்ந்தவர் விஜயநகரத்தாரே. அக்காலத்தில் சமஸ்தானத்துப் பொக்கிஷம் செய்த வேலையைப் பிற்காலத்தில் அரசியல் செல்வாக்கும் வியாபாரச் செல்வாக்கும் செய்யத் தொடங்கின. இந்நிலை முற்றி, 2016-ம் வருஷத்தில் இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு, மந்திரிகளும் அரசாங்க உத்தியோகஸ்தரும் போர்டில் பதவி வகிக்கலாகாதென்ற லோதா கமிட்டியின் சிபார்சை ஏற்க வேண்டி வந்தது. விளையாட்டுச் சங்கமொன்றைச் சீர்படுத்த நாட்டின் உச்ச நீதிஸ்தலம் வரையில் போக நேர்ந்ததென்றால், நோய் எவ்வளவு ஆழமானதென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அன்று கோஷ்டியைக் கப்பலேற்றப் பணமில்லை; இன்று பணத்துக்குப் பஞ்சமில்லை. வறுமைக் காலத்தில் பணம் கொடுத்தவன் பதவியைப் பிடித்தான். செல்வக் காலத்தில், பதவியைப் பிடித்தவன் பணத்தை ஆள்கிறான். இரண்டிலும் பின்னுக்குத் தள்ளப்படும் அபாயத்தில் இருப்பவன், ஏதோ ஒரு மொபசல் ஊரில் தேய்ந்த மட்டையுடன் ஆடிப் பழகி, சிபார்சு செய்ய எவருமின்றித் தன் ஆட்டத்தையே நம்பி நிற்கும் வாலிபன். அவன் பாலுவின் வாரிசு, அமர்நாத்தின் வாரிசு. அவனுக்கு நியாயம் கிடைக்கிறதா என்பதே ஒவ்வொரு யாத்திரையின் போதும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி. எத்தனை பந்தயம் வென்றோம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று விஷயங்கள். தேசத்தின் பெயரால் செல்லும் கோஷ்டியைத் தேர்ந்தெடுப்போர், தம் தேர்வுக்கு இன்னது காரணமென்று பகிரங்கமாகச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். எந்த ஆட்டக்காரனையும் அவனுடைய வார்த்தையைக் கேளாமலும், குற்றஞ்சாட்டியவரல்லாத நடுவரின் விசாரணையின்றியும் தண்டிக்கலாகாது. சங்கங்களின் பதவிகளிலிருப்போர் அவற்றைத் தமது சொத்தாக எண்ணாமல், கணக்குக் காட்டவேண்டிய தருமகர்த்தாக்களாக நடந்து கொள்ள வேண்டும். இம்மூன்றும் இருக்குமாயின், பந்தயத்தில் தோற்றாலும் தேசம் தோற்காது.

இது பொதுஜனங்களின் கையிலும் இருக்கிறது. 1936-ல் அமர்நாத் திரும்பி வந்தபோது ஜனங்கள் மௌனமாயிருந்திருந்தால் போமண்ட் விசாரணை நடந்திருக்குமோ என்பது சந்தேகமே. வெற்றி வந்தால் பட்டாசு கொளுத்திவிட்டு, தோல்வி வந்தால் ஆட்டக்காரன் வீட்டின் மீது கல்லெறிந்துவிட்டு, இடைக்காலத்தில் பதவியிலிருப்போர் செய்வதையெல்லாம் பாராமுகமாக விட்டுவிடுவது சுதந்திர தேசத்துப் பிரஜைகளுக்கு அழகன்று. அடுத்த கோஷ்டி விமானமேறுமுன் அதன் பெயர்ப் பட்டியலைப் படிப்போர், யார் யார் போகிறார்கள் என்பதோடு, போகவேண்டியவர் எவரேனும் நிறுத்தப்பட்டாரா என்பதையும் தேடிப் பார்க்கட்டும்.